அம்மாக்கள் கூட்டத்துக்கு இரண்டு பக்கம்: பெருந்தொற்றில் பெற்றோர் மன அழுத்தமும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும்

பாலக்கோடு தன்னார்வலர்
வணக்கம். பாலக்கோடு பக்கம் சில ஊர்களுக்குப் பொதுவாக, அம்மாக்கள் கூட்டத்தில் கொடுக்க ஒரு துண்டறிக்கை தயாராகிறது. கொரோனா மாதிரி இன்னொரு தொற்று வந்து அங்கன்வாடியும் பள்ளியும் மூடினால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பொருள். ஒரே தாள், முன்பின் இரண்டு பக்கம், அதற்கு மேல் இடமில்லை. வாசிக்கப்போகிறவர்களில் பலருக்கு வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, அல்லது ஓசூர் கம்பெனியில் ஒப்பந்த வேலை.

இப்போதைக்கு எழுதியிருப்பது இவ்வளவு: டிவியில் செய்தி அதிகம் பார்க்காதீர்கள். பிள்ளையோடு நல்ல நேரம் செலவிடுங்கள். தினமும் யோகா செய்யுங்கள். செல்போன் கொடுக்காதீர்கள். சத்தான உணவு கொடுங்கள். அடிக்காதீர்கள்.

எது தப்பு, எது குறை, தயங்காமல் சொல்லுங்கள்.

பென்னாகரம் சமூகப்பணி
ஆறு வரியும் அம்மாவுக்குப் போட்ட உத்தரவு. ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவளிடம் இன்னும் ஆறு வேலை. அரிசி, வாடகை, குழுக்கடன் தவணை பற்றி ஒரு எழுத்தும் இல்லையே.

2020-ல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 25-ல் ஊரடங்கு. ஏப்ரல் 30-ல் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான். கிருமி வந்து சேராத ஊரிலும் கூலி நின்றுபோயிருந்தது. கர்நாடக எல்லையான ஜூஜூவாடியைத் தாண்ட இ-பாஸ், கல்யாணம் இல்லாததால் ரோஜாவுக்கு விலை இல்லை, மாங்காய் சீசன் தலைக்கு மேல். பெற்றோரின் அழுத்தம் நோயால் தொடங்கவில்லை, வருமானம் நின்றதால் தொடங்கியது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு 2020 ஏப்ரலில் 'ரேபிட்' என்ற கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள குடும்பங்களிடம் முதலில் வாராவாரம் கேட்டார்கள். சாப்பாடு, வாடகை போன்ற அடிப்படைச் செலவுக்குத் தட்டுப்பாடு என்று ஒரு வாரம் சொன்ன வீட்டில், அடுத்து பெற்றோரின் பதற்றமும் சோர்வும் ஏறியது. அதற்கு அடுத்து பிள்ளையின் அடமும் பயமும் ஏறியது. பணமுடை, பெற்றோர், பிள்ளை என்று அந்த வரிசையிலேயே போகிறது. மனசுவிட்டுப் பேச ஆள் இருந்த வீடுகளில் தாக்கம் குறைவு என்றும் பார்த்தார்கள்.

ஆகவே முதல் பக்கத்தின் மேல்பாதி முழுக்கக் காசும் காகிதமும்தான் வர வேண்டும். யோகா கடைசியில் இருக்கட்டும், இடம் இருந்தால்.

புள்ளியியல் பித்தன்
பென்னாகரத்தார் சொன்ன திசை சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தக் கணக்கெடுப்பில் தன் மன நிலையைச் சொல்பவரும் பிள்ளையின் நிலையைச் சொல்பவரும் ஒரே ஆள். சோர்ந்திருக்கும் அம்மாவுக்குச் சாதாரணச் சிணுங்கல்கூடப் பெரிய அடமாகத் தெரியும், அப்படியே பதிவாகும். அதனால் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வரிசையை நம்பலாம், ஏனென்றால் ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இதே வரிசை பழைய ஆய்விலும் வந்தது. 1980-களில் அயோவா மாநிலத்தில் விவசாயம் நொடித்தபோது அங்கத்துக் குடும்பங்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே நடுவில் இன்னொரு படி இருந்தது: புருஷன் பெண்டாட்டி சண்டை. பிள்ளைகள் ஏழாம் வகுப்பு வயது, கைக்குழந்தை இல்லை, அதையும் நினைவில் வைக்கணும்.

துண்டறிக்கைக்கு இதிலிருந்து ஒரு உபயோகம் உண்டு. 'பிள்ளை திடீர்னு ரொம்பக் கெட்டுப்போச்சு' என்று ஒரு அம்மா சொன்னால், பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பாட்டி, பக்கத்து வீடு, அங்கன்வாடி ஆயா என்று இன்னொருவரையும் கேளுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் பிள்ளைக்குப் பிரச்சினை. அம்மா மட்டும் சொன்னால் முதலில் அம்மாவைக் கவனிக்கணும்.

பென்னாகரம் சமூகப்பணி
ஒப்புக்கொள்கிறேன். இனி காகிதம் பற்றி.

2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். 2021-ல் மே, ஜூன் இரண்டு தவணையாக மொத்தம் 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருளும். இரண்டும் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தன. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு 2020-ல் தனியாக 1,000 ரூபாய் வந்தது. பெங்களூரில் வேலை பார்த்தவர் பலர் இங்கேயும் பதியவில்லை, அங்கேயும் பதியவில்லை. பதிந்தும் புதுப்பிக்காதவர்கள் இன்னொரு கூட்டம்.

ஆக, தொற்று வருவதற்கு முன்னாலேயே முடித்துவைக்க வேண்டியவை: குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கணும். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் அம்மா வீட்டு அட்டையிலிருந்து நீக்கி இங்கே சேர்ந்திருக்கணும், பெரும்பாலும் சிக்குவது இந்த இடத்தில்தான். நல வாரியப் பதிவு காலாவதியாகாமல் இருக்கணும். நூறு நாள் வேலை அட்டையும், இயங்கும் வங்கிக் கணக்கும். முன்னுரிமை அட்டையோ அந்தியோதயா அட்டையோ இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் பெங்களூரில் இருப்பவர் அங்கேயே தன் பங்கை வாங்கலாம், மீதியை இங்கே குடும்பம் வாங்கலாம். தமிழ்நாடு இதில் சேர்ந்தது 2020 அக்டோபர் 1-ல்.

இன்னொன்று, யாரும் கேட்பதே இல்லை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் சின்னப் பிள்ளைகள் வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க நியமிக்கணும், அவருக்கும் அதே கூலி. 2005-ன் வேலை உறுதிச் சட்ட அட்டவணையிலேயே போட்டிருந்தது. அங்கன்வாடி மூடிய காலத்தில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. பணித்தளப் பொறுப்பாளரிடம் வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள்.

தேன்கனிக்கோட்டை தாத்தா
எல்லாம் சரிங்க. பஞ்சம், பிளேக்கு, அம்மை எல்லாம் பார்த்த ஊருங்க இது. அப்பவும் பிள்ளைங்க வளர்ந்துச்சு. அம்மாக்காரி முகம் வாடினா பிள்ளைக்கு மன நோய் வந்துடும்னு எழுதினா, ஏற்கெனவே பயந்தவ இன்னும் பயந்துடுவா. பாத்து எழுதுங்க.

ஊத்தங்கரை உளவியல்
தாத்தா சொல்வது முக்கியமான குறை. தாள் முழுக்க அதை மனசில் வைக்கணும்.

கைக்குழந்தை முகத்தைப் படிக்கும் என்பது நிஜம். 1970-களில் எட்வர்டு டிரானிக் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. விளையாடிக்கொண்டிருந்த அம்மா சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்து இழுத்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைப் படித்துவிட்டுத்தான் பலர் பயமுறுத்துகிறார்கள். அவரே கண்ட இன்னொன்றைச் சொல்வதில்லை: நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூட ஒத்திசைந்திருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரம் தவறுவதும் திரும்பச் சேர்வதுமாகவே போகிறது. பிள்ளையைக் காப்பது அந்தத் திரும்பச் சேர்தல்தான். எரிந்து விழுந்தபின் கால் மணி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து 'அம்மா கத்திட்டேன், உன் மேல தப்பு இல்ல' என்று சொன்னால் அது கணக்கில் சேரும். நாள் முழுக்கச் சிரித்த முகம் தேவையில்லை.

துண்டறிக்கையில் 'நல்ல நேரம் செலவிடுங்கள்' என்பதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு தடவை, 10 நிமிடம். போன் வேறு அறையில். என்ன விளையாடுவது என்று பிள்ளை சொல்லணும். அந்தப் பத்து நிமிடம் பாடம் நடத்தக்கூடாது, 'இது என்ன கலர்' என்று கேள்வி கேட்கக்கூடாது, திருத்தக்கூடாது. பிள்ளை செய்வதை வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்: 'லாரில மண்ணு ஏத்துற. ஓ, கவுந்துடுச்சு.' முடியப்போவதை இரண்டு நிமிடம் முன்னால் சொல்லணும். முதல் சில நாள் முடிக்கும்போது அழும், அதைப் பார்த்துத்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் அந்த அழுகை தானாகக் குறையும். இரண்டு பிள்ளை என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடமாகத் தனித்தனியே.

குழந்தைநல மருத்துவம், கிருஷ்ணகிரி
எந்த மாற்றம் சாதாரணம், எதற்கு ஆஸ்பத்திரி என்பதைப் பிரித்துப் போடாவிட்டால் இந்தத் தாளால் ஆஸ்பத்திரியில் கூட்டம்தான் சேரும்.

ஒரு வயதுக்குள்: பால் குடிப்பது குறையும், தூக்கம் உடையும், தூக்கி வைத்தே இருக்கச் சொல்லும். இரண்டு மூன்று வயதில் ஒட்டிக்கொள்வது, கடிப்பது, பேசிய பேச்சை மழலையாக்குவது. நாலு ஐந்தில் படுக்கையில் சிறுநீர், விரல் சூப்பல், தொப்புளைச் சுற்றி வயிற்றுவலி, 'நீ செத்துடுவியா' என்று கேட்டுக்கொண்டே இருப்பது. பெரும்பாலும் இவை வீட்டு ஒழுங்கு திரும்பியதும் சில வாரத்தில் அடங்கும்.

படுக்கை நனைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏனென்றால் அடி விழுவது அதற்குத்தான். ஆறு மாதமாவது காய்ந்த படுக்கையில் தூங்கிய பிள்ளை திரும்ப நனைத்தால் முதலில் மலச்சிக்கலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே கிடந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, பிஸ்கட்டும் பன்னும் தின்ற பிள்ளைக்கு மலம் இறுகி மூத்திரப்பையை அழுத்தும். பகலில் தண்ணீர் தாராளமாக, சாயங்காலம் ஆறுக்கு மேல் குறைவாக, படுக்கும் முன் ஒரு தடவை கழிப்பறை. நடு ராத்திரி எழுப்பி உட்கார வைப்பதால் பெரிதாக ஆகாது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்கணும். அதை 'மன அழுத்தம்' என்று எழுதித் தள்ளி வைத்தால் உயிருக்கே ஆபத்து.

காத்திருக்கக் கூடாதவை: வந்த பேச்சு நின்றுபோவது, எந்த வயதானாலும். எடை இறங்குவது. தன்னையே அடித்துக்கொள்வது. ஒரு மாதத்துக்கு மேல் யாரிடமும் விளையாடாமல் ஒதுங்குவது. ஆஸ்பத்திரியில் 'தொடக்கநிலை இடையீட்டு மையம்' என்று கேட்கச் சொல்லுங்கள். வளர்ச்சித் தாமதம் பார்ப்பது அங்கேதான், கட்டணம் கிடையாது.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முகக்கவசம் கட்டாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கட்டிவிட்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு சண்டை குறையும்.

அரூர் செவிலியர்
டாக்டர் சார் விட்டது ஒண்ணு, தடுப்பூசி. ஊரடங்குல தள்ளிப்போச்சுன்னா 'முதல்ல இருந்து போடணுமா'ன்னு கேட்டுப் பல அம்மாக்கள் வர்றதே இல்ல. முதல்ல இருந்து தேவையில்ல, விட்ட இடத்துல இருந்து தொடரலாம். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி) முதல் டோஸ் ஒரு வயசுக்குள்ள தொடங்கணும். தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயசு வரைக்கும், டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கானது) ஊக்க ஊசி ஏழு வயசு வரைக்கும் போடலாம். அட்டை தொலைஞ்சாலும் வாங்க, பதிவேட்டுல இருக்கும்.

அடுத்தது அம்மாவைக் கேக்குறது. 'நல்லா இருக்கியாம்மா'ன்னு கேட்டா 'நல்லா இருக்கேன்'னுதான் பதில் வரும். ரெண்டு கேள்வி இருக்கு. போன ரெண்டு வாரத்துல, எதுலயும் ஆர்வம் இல்லாம இருந்துச்சா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருந்துச்சா? ஒவ்வொண்ணுக்கும் இல்லவே இல்லன்னா 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல 2, கிட்டத்தட்ட தினமும்னா 3. ரெண்டையும் கூட்டி 3 அல்லது மேல வந்தா விரிவா பாக்கறதுக்கு அனுப்பணும். மாவட்ட மனநலத் திட்டக் குழு இதுக்குத்தான் இருக்கு. மாமியார் பக்கத்துல இருக்கறப்ப கேக்காதீங்க, எடை போடற சாக்குல தனியா கூப்பிட்டுக் கேளுங்க.

பிரசவம் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு எடின்பரோ அளவுகோல்னு பத்துக் கேள்வி இருக்கு. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கிற எண்ணம் பத்தினது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவா இருந்தாலும், அந்த ஒண்ணுக்கு 'வந்துச்சு'ன்னு சொன்னா அன்னைக்கே ஆள் கூட இருக்கணும், தனியா வீட்டுக்கு அனுப்பக்கூடாது. பத்தொன்பது இருபது வயசுலயே தாயானவங்க நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிறைய. அவங்க வாயைத் திறக்கறது குறைவு.

பாலக்கோடு தன்னார்வலர்
நன்றி அக்கா. அந்த இரண்டு கேள்வியைத் துண்டறிக்கையிலேயே அச்சடிக்கலாமா?

அரூர் செவிலியர்
கேள்வியைப் போடுங்க, மார்க்கு போட வேணாம். வீட்டுல யாராவது எடுத்துப் படிச்சிட்டு 'உனக்கு மூணு, நீ பைத்தியம்'னு சொல்லிடுவாங்க. 'இப்படி இருந்தா செவிலியர்கிட்ட சொல்லுங்க'ன்னு மட்டும் போதும். கணக்கு எங்க கையில இருக்கட்டும்.

ஓசூர் பேச்சுப்பயிற்சி
'செல்போன் கொடுக்காதீர்கள்' என்ற வரியை யாரும் பின்பற்றப் போவதில்லை. தனியாளாகச் சமைக்கும் நேரத்தில் இரண்டு வயதுப் பிள்ளை அடுப்பங்கரைக்கு வராமல் இருக்க இருக்கும் ஒரே வழி சில வீட்டில் அதுதான். அளவைச் சொல்லுங்கள். இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ கால் மட்டும் விலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்குள்.

ஏற்கெனவே நாலு மணி நேரம் பார்க்கும் பிள்ளையிடம் ஒரே நாளில் பிடுங்கினால் மூன்றாம் நாள் அம்மா தோற்றுப்போவாள், பிள்ளைக்கு 'கத்தினால் கிடைக்கும்' என்ற பாடம் வேறு. முதலில் சாப்பாட்டு வேளையில் மட்டும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடும், பசித்தால் தானே கேட்கும். ஒரு வாரம் கழித்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு மீதியைச் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரமாகக் குறையுங்கள். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அணைத்து வையுங்கள், வீடியோ முடிந்ததும் வாங்குவது சுலபம். நடுவில் பிடுங்குவதுதான் சண்டையாகிறது.

2020, 2021-ல் பிறந்த பிள்ளைகள் பேசத் தாமதமானால் உடனே 'போன்தான் காரணம்' என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கணும். பேசாத எந்தப் பிள்ளைக்கும் முதல் பரிசோதனை அதுதான். ஒன்றே கால் வயது தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வயதில் 'அம்மா தா' மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று வாட்ஸ்அப்பில் ஓடுவது எந்த மருத்துவக் கையேட்டிலும் இல்லாத நோய்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ் என்று இருப்பதால் பேச்சுத் தாமதம் வராது. அதற்காகப் பாட்டி வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள். பாட்டிக்கு வாய் அடைத்துப்போனால் பிள்ளையோடு பேசும் ஒரு ஆள் குறைகிறது, அவ்வளவுதான் நடக்கும்.

தேன்கனிக்கோட்டை தாத்தா
இதை முதல் பக்கத்துலயே போடுங்க. எங்க தெருவுல பாதி வீடு தெலுங்குதான்.

காரிமங்கலம் அங்கன்வாடி
ஒழுங்கு என்று டாக்டர் சொன்னதை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது என்று எழுதணும். மணி பார்த்து அட்டவணை போட்டால் கூலிக்காரர் வீட்டில் நடக்காது. மணியை விடுங்கள், வரிசை போதும். எழுந்ததும் முகம் கழுவல், களியோ கூழோ, வெளி விளையாட்டு, குளியல், சாப்பாடு, தூக்கம், மாலை விளையாட்டு, சாப்பாடு, கதை, படுக்கை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இந்தப் பத்தையும் படமாக வரைந்து, பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். முடிந்ததற்கு ஒரு துணிக்கிளிப்பை நகர்த்தட்டும். 'அடுத்து என்ன' என்று தெரிந்த பிள்ளை அடம் பிடிப்பது குறைவு.

தூக்கம் கெட்டிருந்தால் படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், எழும் நேரத்தை முதலில் நிறுத்துங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பகல் தூக்கம் மூன்று மணிக்குள் முடியணும். மூன்று நாலு வயதுக்கு மொத்தம் 10 முதல் 13 மணி நேரம், ஒன்றிரண்டு வயதுக்கு 11 முதல் 14. உடம்பு அசைவு நாளுக்கு மொத்தம் மூன்று மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளியே விடமுடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே: தலையணையைத் தாண்டுவது, அரை வாளித் தண்ணீரை டம்ளரால் இன்னொரு வாளிக்கு மாற்றுவது, மாவு சலிப்பது. தண்ணீர் விளையாட்டுக்கு ஆள் பக்கத்தில் இல்லாமல் விடக்கூடாது. ஒரு சாண் தண்ணீரிலும் கைக்குழந்தை மூழ்கும். புளியங்கொட்டை, சோழி, பல்லாங்குழி எல்லாம் மூன்று வயதுக்கு மேல்தான், அதற்கு முன் தொண்டையில் சிக்கும்.

கடைசியாக ஒன்று, இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: பிளீச்சிங் கரைசலையோ லைசாலையோ கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சானிடைசரும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வரணும், 108.

ஊத்தங்கரை உளவியல்
'அடிக்காதீர்கள்' என்ற வரிக்கு வருகிறேன். அடிக்கும் கைக்கு அது அடிக்கும் முன் தெரிவதில்லை. தெரியும் இடம் அதற்குக் கொஞ்சம் முன்னால்: தாடை இறுகும், குரல் ஏறும், 'வேணும்னே பண்றான்' என்று மனசு சொல்லும். 'வேணும்னே' என்ற நினைப்பு வந்தாலே அது மணி அடித்த மாதிரி. அப்போது செய்ய வேண்டியது: பிள்ளை கீழே விழாத, அடுப்பு இல்லாத இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு அடி பின்னால் வந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடணும், ஐந்து தடவை. விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். பிறகு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒரே வாக்கியம்: 'கோவம் வந்துடுச்சு. தூக்கிப் போடக்கூடாது.' நீளமாகப் பேசினால் அந்த நிலையில் எதுவும் காதில் ஏறாது.

கைக்குழந்தை வேறு. பிறந்து ஆறு வாரம் எட்டு வாரத்தில் அழுகை உச்சத்தில் இருக்கும், காரணமே தெரியாமல். பசி, ஈரம், காய்ச்சல் பார்த்தாகிவிட்டது, இன்னும் அழுகிறது, கை நடுங்குகிறது என்றால் தரையில் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு பத்து நிமிடம் வாசலில் நிற்கலாம். அது பாவமில்லை. உலுக்கினால்தான் மூளையில் ரத்தம் கசியும். தூளியை வேகமாக ஆட்டித் தீர்க்கப் பார்ப்பதும் வேண்டாம்.

பென்னாகரம் சமூகப்பணி
குடியைப் பற்றியும் ஒரு வரி வரணும். 2020 மார்ச்சில் டாஸ்மாக் ஒரேயடியாக மூடியபோது தினமும் குடித்தவர்களுக்கு நடுக்கம் வந்தது. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை உளறல், இல்லாததைப் பார்ப்பது வரலாம். 'திருந்திட்டான்' என்று வீட்டில் சந்தோஷப்படும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வீட்டில் அடி விழுந்தால் 181.

புள்ளியியல் பித்தன்
அப்பாவைப் பற்றி இதுவரை வந்தது குடியும் அடியும் மட்டும். தாள் அவரையும் வேலை வாங்கணும். ஊரடங்கில் வீட்டில் இருந்தவர் எத்தனையோ பேர். ஒரு நாளில் ஒரு மணி நேரம் பிள்ளை முழுக்க அவர் பொறுப்பு, அந்த நேரம் அம்மாவுக்குச் சமையல் நேரமாகவும் இருக்கக்கூடாது. மேலே சொன்ன ரேபிட் கணக்கெடுப்பில் தாக்கம் குறைந்தது மனசுவிட்டுப் பேச ஆள் இருந்த வீட்டில். காசில்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான். அவர் பெங்களூரில் மாட்டிக்கொண்டால், தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் ஐந்து நிமிடக் கதை. நாளுக்கு நாள் நேரம் மாறினால் பிள்ளை காத்துக் காத்து அழும், அழைக்காமல் இருப்பதே மேல் என்று ஆகிவிடும்.

அரூர் செவிலியர்
இறப்பு நடந்த வீட்டுக்கும் ரெண்டு வரி வேணும். 'தாத்தா தூங்குறாரு', 'ஊருக்குப் போயிருக்காரு'ன்னு சொல்றது வழக்கம். அப்புறம் பிள்ளை தூங்கவே பயப்படும், இல்லன்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா தேடும். ஐந்து வயசுக்குள்ள இருக்கற பிள்ளை, செத்தவங்க திரும்பி வருவாங்கன்னுதான் நினைக்கும். 'தாத்தா உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. வலிக்காது, பசிக்காது. திரும்ப வரமாட்டாரு. நீ பண்ணினதால இல்ல.' இந்த நாலையும் அப்படியே சொல்லணும். திரும்பத் திரும்பக் கேக்கும், அதே பதிலைச் சொல்லுங்க. பிணம் எடுத்துட்டுப்போற விளையாட்டு விளையாடினா தடுக்காதீங்க, அது அப்படித்தான் புரிஞ்சுக்குது.

பென்னாகரம் சமூகப்பணி
அந்த வரியோடு சேர்க்க: 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்தால் இருக்கும் பெற்றோருக்கு 3 லட்சமும் அறிவித்தது. அடுத்த தொற்றுக்கும் இதே வரும் என்று எழுத முடியாது. ஆனால் இறப்புச் சான்றிதழிலும் மருத்துவமனைச் சீட்டிலும் பெயர், காரணம் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்து நகல் வைக்கணும். எந்த உதவி வந்தாலும் கேட்பது அதைத்தான். விண்ணப்பிக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

பாலக்கோடு தன்னார்வலர்
எல்லாம் தொகுத்தால் இரண்டு பக்கத்தைத் தாண்டுகிறது. இப்படிப் பிரிக்கிறேன். முதல் பக்கம் மேலே காகிதங்களும் காசும். நடுவில் 'வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள்', பத்து நிமிட விளையாட்டு, பட வரிசை. பின்பக்கம் மேலே கோபம் வரும்போது செய்வது, பிறகு செல்போன் குறைப்பது, கடைசியில் பிளீச்சிங் எச்சரிக்கை. படுக்கை நனைப்பதும், இறப்பைச் சொல்வதும், குடியும் செவிலியர், அங்கன்வாடி கையில் தனித் தாளாக. யோகா இல்லை.

எண்கள் எந்த வரிசையில்? 1098, 181, 104, 14416 நாலும் போடலாமா?

குழந்தைநல மருத்துவம், கிருஷ்ணகிரி
நாலு எண்ணைச் சும்மா வரிசையாகப் போட்டால் ஒன்றுக்கும் அழைக்கமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எப்போது என்று எழுதுங்கள். பிள்ளைக்கு ஆபத்து 1098. அம்மாவுக்கு அடி 181. மனசு தாங்கவில்லை, தூக்கமில்லை என்றால் 14416, தமிழில் பேசுவார்கள், ராத்திரியும் எடுப்பார்கள். உடம்புச் சந்தேகம் 104. படுக்கை நனைப்பதில் அந்தத் தாகம், எடை வரியை மட்டும் பொதுத் தாளிலேயே வையுங்கள். அதைத் தனித் தாளுக்குத் தள்ள வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை தாத்தா
எழுத்து பெருசா இருக்கட்டும் தம்பி. கண்ணாடி இல்லாத பாட்டிங்கதான் இதை வாங்கிப் படிச்சுச் சொல்லப் போறாங்க.

பாலக்கோடு தன்னார்வலர்
பதினாறு புள்ளி அளவில் வைக்கிறேன் ஐயா. படுக்கை வரியைச் சேர்த்து, செல்போன் பத்தியில் இரண்டு வரி வெட்டுகிறேன். அச்சுக்குப் போகும் முன் இங்கேயே பதிவிடுகிறேன், தடுப்பூசி வயதுகளை அக்கா ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரூர் செவிலியர்
வெள்ளிக்கிழமைக்குள்ள போடுங்க. சனிக்கிழமை முகாம்.